கடலோரப் பந்தலில் திராட்சை: சாம்பல் நோயையும் அடிச்சாம்பல் நோயையும் கவாத்திலிருந்து சாறு வரை சமாளிக்கும் முறை

மழை ஓய்ந்ததும் நோயும் ஓய்ந்துவிடும் என்ற நினைப்புதான் ராமநாதபுரம் கடலோரத்தில் திராட்சைக் கொடியை அதிகம் கெடுக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மருந்து மருந்தாக அடித்துக் கொடியைக் காப்பாற்றியவர்கள், தை பிறந்து வானம் வெளுத்ததும் தெளிப்பானைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறார்கள். மாசியில் பிஞ்சு பிடிக்கும்போது குலை முழுக்கச் சாம்பல் பூத்து நிற்கிறது. முதலில் வந்தது அடிச்சாம்பல் நோய், இப்போது வந்திருப்பது சாம்பல் நோய். ஒன்று நீரில் நீந்தி வருகிறது. மற்றொன்றுக்கு நீரே ஆகாது. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் எந்த மருந்து, எந்த நாள், எத்தனை கிராம் என்பதெல்லாம் தானாக வரிசைக்கு வரும்.

தொண்டி, தேவிபட்டினம் முதல் மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரை வீட்டு முற்றத்திலோ கிணற்றடியிலோ ஒன்றிரண்டு கொடி வைத்திருப்பவர்களையும், நல்ல தண்ணீர் உள்ள மணல் நிலத்தில் சிறு பந்தல் போட நினைப்பவர்களையும் மனதில் வைத்து இது எழுதப்படுகிறது. இங்கே பெரும்பாலும் வைக்கப்படுவது பன்னீர் திராட்சை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையும் இதுதான். மஸ்கட் ஹாம்பர்க் என்ற ஐரோப்பிய வகையான இதற்கு இரண்டு நோயையும் தாங்கும் சக்தி குறைவு. பெங்களூர் ப்ளூ என்ற வகையில் அமெரிக்கத் திராட்சையின் கலப்பு இருப்பதால் அது சற்றுத் தாங்கும்.

இரண்டு நோய், இரண்டு குணம்

சாம்பல் நோயை உண்டாக்குவது எரிசிஃபே நெகேட்டர் என்ற பூஞ்சை. இது இலையின் மேற்பரப்பிலேயே படர்ந்து, மேல்தோல் செல்லுக்குள் உறிஞ்சு குழாயை மட்டும் இறக்கிச் சாற்றைக் குடிக்கிறது. இதன் வித்து (நோயைப் பரப்பும் நுண்துகள்) முளைக்க ஈரக் காற்று போதும், இலை நனைய வேண்டியதில்லை. இலையில் தண்ணீர் நின்றால் வித்து கெடவும் செய்யும். 20 முதல் 27 பாகை செல்சியஸ் இதற்குக் கொண்டாட்டம். அந்தச் சூட்டில் ஒரு வித்து விழுந்து அடுத்த தலைமுறை வித்து கிளம்ப ஒரு வாரம் போதும். 35 பாகையைத் தாண்டினால் வளர்ச்சி நின்றுபோகிறது. நேர் வெயிலும் இதற்குப் பகை. அதனால் அடர்ந்த பந்தலின் உள்நிழலில்தான் முதலில் தங்கும்.

அடிச்சாம்பல் நோயை உண்டாக்கும் பிளாஸ்மோபாரா விட்டிகோலா உண்மையில் பூஞ்சையே அல்ல. நீர்ப்பாசிகளுக்கு நெருங்கிய உயிரினம். இரவு இருட்டில், காற்றின் ஈரப்பதம் 95 விழுக்காட்டுக்கு மேல் ஏறும்போது, இலையின் அடிப்பக்கத்தில் வெள்ளைப் பஞ்சாக வித்து விடும். அந்த வித்து நனைந்த இலையில் விழுந்தால் வால் முளைத்த நுண்வித்துகள் வெளிவந்து, நீர்ப்படலத்தில் நீந்தி இலைத் துளைக்குள் நுழைகின்றன. நீர் இல்லையென்றால் இந்தப் பயணமே இல்லை. மழை மட்டுமல்ல, மார்கழிப் பனி இலையில் விடிய விடிய நின்றாலும் போதும்.

ஐரோப்பா இவ்விரண்டையும் வெவ்வேறு காலத்தில் சந்தித்தது. சாம்பல் நோய் 1845இல் இங்கிலாந்தின் கண்ணாடி வீடுகளில் தென்பட்டு, சில ஆண்டுகளில் பிரான்சின் ஒயின் உற்பத்தியை அடியோடு சரித்தது. கந்தகத் தூள்தான் கை கொடுத்தது. அடிச்சாம்பல் 1878இல், வேர்ப்பூச்சியைத் தாங்கும் கொடி வேண்டும் என்று அமெரிக்காவிலிருந்து இறக்கிய கன்றுகளோடு பிரான்சுக்குள் வந்தது. வழிப்போக்கர் பழம் பறிக்காமலிருக்கச் சாலையோரக் கொடிகளுக்கு மயில்துத்தமும் (தாமிர சல்பேட்) சுண்ணாம்பும் கலந்து தெளித்திருந்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் இலை கொட்டாமல் நின்றதை மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் கவனித்தார். அதிலிருந்து 1885இல் வந்ததுதான் போர்டோ கலவை. சாம்பலுக்குக் கந்தகம், அடிச்சாம்பலுக்குத் தாமிரம் என்ற அடிப்படை இன்றும் மாறவில்லை. கந்தகம் அடிச்சாம்பலை அசைக்காது. தாமிரம் சாம்பல் நோயை ஓரளவு தடுக்கும், வந்த பிறகு விரட்டாது.

மருந்து வாங்கும் முன் நோயை உறுதி செய்யுங்கள்

இலையின் மேற்புறம் விபூதி தூவியதுபோல் இருந்து, விரலால் துடைத்தால் வெள்ளை வந்துவிட்டால் சாம்பல் நோய். பிஞ்சில் வந்தால் தோல் வளர்ச்சி நின்று உள்சதை மட்டும் பெருக்கும். பழம் வெடித்து விதை தெரியும். பழைய தண்டில் பழுப்பு நிறத்தில் வலைபோன்ற தழும்பு இருந்தால் போன பருவத்திலேயே நோய் இருந்திருக்கிறது என்று பொருள்.

அடிச்சாம்பலில் மேற்புறம் எண்ணெய் சொட்டியதுபோல் மஞ்சள் வட்டம் தெரியும், அதற்கு நேர் அடியில் வெள்ளைப் பஞ்சு இருக்கும். முற்றிய இலையில் வட்டம் இல்லாமல் நரம்புக்கு நரம்பு கட்டம் கட்டமாகப் பழுப்பேறும். இளம் குலையில் வந்தால் காம்பு கொக்கிபோல் வளைந்து பூவும் பிஞ்சும் காயும்.

சந்தேகம் இருந்தால் மாலையில் அந்த இலையைப் பறித்து, நனைத்துப் பிழிந்த காகிதத்தோடு பாலித்தீன் பையில் கட்டி இருட்டறையில் வையுங்கள். காலையில் வட்டத்தின் அடியில் புதுப் பஞ்சு பூத்திருந்தால் அடிச்சாம்பல் உயிரோடு இருக்கிறது. பூக்கவில்லை என்றால் அது பழைய தழும்பாகவோ வேறு கோளாறாகவோ இருக்கலாம்.

கடலோரத்தில் அந்த வேறு கோளாறுகள் அதிகம். இலை விளிம்பு மட்டும் ஒரே சீராகக் கருகி, உட்புறம் பச்சையாக இருந்தால் அது உப்பு. உவர்நீர்ப் பாசனமோ கடற்காற்றின் சாரலோ காரணமாயிருக்கும். எந்த மருந்தும் அதற்கு உதவாது. இலையின் மேற்புறம் கொப்பளம்போல் புடைத்து, அடியில் கம்பளி ஒட்டியதுபோல் இருந்தால் சிலந்திப்பேன். கம்பளியைத் துடைத்தால் வராது. இதை அடிச்சாம்பல் என்று எண்ணித் தாமிரம் அடிப்பவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்று. முண்டு மிளகாயிலும், வெண்டையிலும், பூசணிக் கொடியிலும் வரும் சாம்பல் நோய் திராட்சைக்குத் தாவாது. பெயர் ஒன்றாக இருந்தாலும் பூஞ்சை வேறு. திராட்சையில் வந்தது திராட்சையிலிருந்தே வந்திருக்கும். பெரும்பாலும் உங்கள் கொடியின் மொட்டுக்குள்ளும் பழைய தண்டிலும் தங்கியிருந்ததுதான். ஆகவே மிளகாய்க் கொல்லையைக் குறை சொல்வதை விட்டுக் கவாத்தைக் கவனியுங்கள்.

காற்றும் கவாத்து நாளும்

பாக் நீரிணையைப் பார்த்த தொண்டி, தேவிபட்டினம் பக்கம் வாடைக் காற்று ஈரத்தை நேரே கொண்டுவந்து கொட்டும். மன்னார் வளைகுடாவைப் பார்த்த கீழக்கரை, சாயல்குடி, மூக்கையூர் பக்கம் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வைகாசியிலிருந்து மணலை அள்ளி வீசும். கச்சான் இலையைச் சீக்கிரம் உலர்த்துவதால் அடிச்சாம்பலுக்கு எதிரி. ஆனால் இளந்தளிரைக் கிழிக்கும். தென்மேற்கில் ஓலைத் தட்டியோ, பத்தடி தள்ளி ஒரு வரிசைச் சவுக்கோ போதும். நான்கு பக்கமும் அடைத்துவிட்டால் ஈரம் உள்ளேயே நின்றுவிடும்.

பன்னீர் திராட்சை கவாத்திலிருந்து அறுவடைக்கு ஏறத்தாழ 110 முதல் 120 நாள் எடுக்கும். பூப்பது 35 முதல் 40ஆம் நாளில். குலைக்கு ஆபத்து மிகுந்த காலம் பூப்பதற்குச் சற்று முன் தொடங்கி, பிஞ்சு பிடித்து 3, 4 வாரம் வரை. அதற்குப் பிறகு பழத்தோலுக்குச் சாம்பல் நோயைத் தடுக்கும் சக்தி தானே வந்துவிடும். காம்புக்கும் இலைக்கும் அந்தச் சக்தி வராது. இந்த நான்கைந்து வாரத்தை மழையிலிருந்து தள்ளி வைப்பதுதான் கவாத்து நாளைக் குறிப்பதன் நோக்கம்.

பொதுவான பரிந்துரை டிசம்பர், ஜனவரியில் ஒரு கவாத்து, மே, ஜூனில் ஒரு கவாத்து. கடலோரத்துக்கு எங்கள் பரிந்துரை, டிசம்பரைத் தொடவே வேண்டாம். வடகிழக்குப் பருவமழை முற்றிலும் விலகிய பின், தை இரண்டாம் வாரத்துக்கு மேல் வெட்டுங்கள். மார்ச் தொடக்கத்தில் பூத்து மே நடுவில் பழம் வரும். இரண்டாம் பயிர் வேண்டுமானால் ஜூன் முதல் வாரத்துக்குள் வெட்டினால் செப்டம்பர் இறுதிக்குள் பறித்துவிடலாம். ஜூலைக்குத் தள்ளிப்போனால் பழம் மழையில் மாட்டும். கொடி இளசாக இருந்தாலோ தண்ணீர் உவர்ப்பாக இருந்தாலோ ஆண்டுக்கு ஒரு பயிரே போதும். புதிதாக வைப்பவர்கள் டாக்ரிட்ஜ் வேர்க்குச்சியில் ஒட்டிய கன்றாகக் கேட்டு வாங்குங்கள். சொந்த வேரில் நிற்கும் கொடியைவிட உவரை நன்றாகத் தாங்கும்.

கவாத்து அன்று

கவாத்துக்கு 10 நாள் முன் தண்ணீரை நிறுத்துங்கள். பழுப்பு நிறத்துக்கு முற்றிய குச்சியில் காய்ப்புக்கு 4 கண் (மொட்டு) விட்டும், அடுத்த ஆண்டுக் குச்சிக்காக 2 கண் விட்டும் வெட்டுங்கள். வலைத் தழும்பு உள்ள குச்சி எவ்வளவு பருமனாக இருந்தாலும் வேண்டாம். தண்டில் உரிந்து தொங்கும் பட்டையைக் கையால் உரித்து எடுங்கள். வெட்டிய குச்சி, பழைய இலை, காய்ந்த குலை எல்லாவற்றையும் அன்றே கூட்டி எரித்துவிடுங்கள். பந்தலடியில் மூடாக்காகப் போட்டால் அடிச்சாம்பலின் உறங்குவித்து அந்த இலைக்குள்ளேயே தங்கி அடுத்த மழைக்கு எழும்பும். வேலை முடிந்ததும் மொட்டைக் கொடி முழுக்க, தண்டின் அடி வரை ஒழுக ஒழுக 1 விழுக்காடு போர்டோ கலவை தெளியுங்கள்.

தளிர் ஒரு சாண் வளர்ந்ததும் நெருக்கமானவற்றை ஒடித்துவிடுங்கள். நண்பகலில் பந்தலுக்கு அடியில் நின்று பார்த்தால் தரையில் ஆங்காங்கே வெயில் திட்டுகள் விழ வேண்டும். ஒரே நிழலாக இருந்தால் மருந்தும் உள்ளே போகாது, பனியும் காயாது. பிஞ்சு பிடித்ததும் குலையின் கிழக்குப் பக்கத்து இலைகளில் இரண்டு மூன்றைக் கிள்ளுங்கள். காலை வெயில் குலையை உலர்த்தும். மேற்குப் பக்கம் கிள்ளாதீர்கள், சித்திரை வெயிலில் பழம் வெந்துவிடும்.

தண்ணீர் காலையில், வேரடியில் மட்டும். மாலையில் பாய்ச்சினால் இரவு முழுக்க ஈரம் பந்தலுக்குள் ஏறும். ஆட்டுக்கிடை போட்ட மண்ணில் யூரியாவும் சேர்த்துக் கொடுப்பவர்கள் உண்டு. தழைச்சத்து மிஞ்சினால் இலை கறுத்துப் பெருத்து மெல்லிய தோலோடு வரும். இரு நோயும் முதலில் பிடிப்பது அதைத்தான். கிடை போட்ட ஆண்டில் யூரியா வேண்டாம்.

போர்டோ கலவை: 10 லிட்டருக்கு

மயில்துத்தம் 100 கிராம், நீற்றாத சுண்ணாம்பு 100 கிராம். நம் கரையில் கிடைக்கும் சிப்பிச் சுண்ணாம்பு நன்றாக வேலை செய்யும், ஆனால் சூளையிலிருந்து புதிதாக வந்ததாக இருக்க வேண்டும். தண்ணீர் தெளித்ததும் சூடேறிப் பொரிய வேண்டும். கடையில் மாதக்கணக்கில் காற்றுப் பட்டுத் தூளாகிப்போன சுண்ணாம்புக்கு மயில்துத்தத்தின் அமிலத்தை அடக்கும் வலு இல்லை.

1. பிளாஸ்டிக் வாளியில் 5 லிட்டர் நல்ல தண்ணீர் எடுத்து, மயில்துத்தத்தைத் துணியில் முடிந்து மேல்மட்டத்தில் தொங்கவிடுங்கள். இரவு விட்டால் காலையில் கரைந்திருக்கும். இரும்பு, தகர வாளி ஆகாது, தாமிரம் அதில் படிந்துவிடும்.
2. இன்னொரு வாளியில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகத் தண்ணீர் விட்டு நீற்றி, 5 லிட்டர் பாலாக்கி, ஆறியதும் துணியில் வடிகட்டுங்கள்.
3. துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றியபடி மரக்குச்சியால் கலக்குங்கள். மாற்றி ஊற்றினால் கலவை திரிந்து கட்டியாகி, இலையில் ஒட்டாமல் தெளிப்பான் முனையை அடைக்கும்.
4. தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் ஏறினால் இன்னும் சுண்ணாம்புப் பால் சேருங்கள். இந்தச் சோதனையை விட்டால் இலை கருகும்.

அன்றே அடித்து முடித்துவிட வேண்டும். மறுநாளைக்கு வைத்தால் வீண். ஆழ்குழாயின் உவர்நீரைக் கலவைக்கு எடுக்காதீர்கள். மழைநீரோ, மணல் ஊற்றுத் தண்ணீரோ, குடிநீரோ எடுங்கள். படர்ந்த கொடி ஒன்றுக்கு 3 முதல் 5 லிட்டர் தேவைப்படும், அதில் பாதி இலையின் அடிப்பக்கத்துக்குப் போக வேண்டும், ஏனென்றால் நீந்தும் வித்து நுழையும் துளைகள் அங்கேதான் இருக்கின்றன. பனி உலர்ந்த பின் அடித்து, அடுத்த மழைக்கு முன் சில மணி நேரமாவது காய விடுங்கள்.

பழம் பறித்த பிறகு கொடியை மறந்துவிடுவது பெரிய தவறு. புரட்டாசிக் கடைசியில் ஒருமுறை, பிறகு மழைக்காலம் முழுக்க 10 முதல் 15 நாளுக்கு ஒருமுறை, மழை விட்ட இடைவெளி பார்த்து போர்டோ அடியுங்கள். அந்த இலைகள் கொட்டிப்போனால் தண்டில் மாவுச்சத்து சேராது, தைக் கவாத்தில் கண் குருடாகிப் பூவே வராது. ஒட்டிய மருந்தைக் கனமழை கழுவும், புதுத் தளிரில் மருந்தே இராது. அதனால் நாள் கணக்கைவிட மழைக் கணக்கு முக்கியம். எண்ணெய் வட்டம் வந்தேவிட்டால் மெட்டலாக்சில், மான்கோசெப் கலந்த தூளை லிட்டருக்கு 2.5 கிராம் அடிக்கலாம். பருவத்தில் இரண்டு முறைக்கு மேல் வேண்டாம், நோய்க்கிருமி பழகிவிடும். இதைப் போர்டோவோடு ஒரே வாளியில் கலக்காதீர்கள், சுண்ணாம்பின் காரம் அதைக் கெடுத்துவிடும்.

கந்தகம்: மழை ஓய்ந்த பின் தொடங்கும் வேலை

நனையும் கந்தகம் 80 விழுக்காடு, லிட்டருக்கு 3 கிராம். தூவும் கந்தகம் கடற்காற்றில் நிற்காது, நம் கண்ணில்தான் விழும். கவாத்துக்குப் பின் 3, 4 இலை விரிந்ததும் ஒன்று, பூக்கும் முன் ஒன்று, பிஞ்சு கடுகளவில் ஒன்று, அதிலிருந்து 10 நாளில் ஒன்று, பட்டாணி அளவில் கடைசி. வெள்ளை தெரிவதற்கு முன்பே அடிக்க வேண்டும், கந்தகம் காவல்காரன்தான். முதல் இரண்டு தெளிப்பைத் தவறவிடாதீர்கள், அவை தவறினால் பின்னால் எத்தனை அடித்தாலும் குலைக்குள் போன நோய் வெளியே வராது.

காலை 8 மணிக்குள் முடித்துவிடுங்கள். 32 பாகைக்கு மேல் சூடேறும் நாளில் கந்தகம் இலையையும் பிஞ்சையும் சுடும். வேப்பெண்ணெய் அடித்திருந்தால் கந்தகத்துக்கு 2 வாரம் இடைவெளி விடுங்கள், இரண்டும் சேர்ந்தால் இலை கருகிக் கொட்டும். பந்தலடியில் வெள்ளரி, தர்ப்பூசணி, பூசணி ஓடவிட்டிருந்தால் அவற்றின் மேல் படாமல் பாருங்கள், அந்தக் குடும்பத்துக்குக் கந்தகம் ஒவ்வாது. பெங்களூர் ப்ளூவிலும் முதலில் ஒரு கிளையில் அடித்து இரண்டு நாள் பாருங்கள்.

வெள்ளை தெரிந்துவிட்டதா? பொட்டாசியம் பைகார்பனேட் லிட்டருக்கு 5 கிராம், குலை நனைய அடித்தால் இருக்கும் பூஞ்சை கருகும், இரண்டு நாள் கழித்துக் கந்தகத்தைத் தொடருங்கள். அது கிடைக்கவில்லையென்று சமையல் சோடாவைப் போடாதீர்கள். அதில் இருப்பது சோடியம். ஏற்கெனவே உப்போடு மல்லுக்கட்டும் மண்ணுக்கு இன்னும் உப்பு சேர்ப்பானேன்? ஒன்றிரண்டு கொடி மட்டும் உள்ள வீட்டில் பால் 1 பங்கு, தண்ணீர் 9 பங்கு கலந்து வாரம் ஒருமுறை வெயில் நேரத்தில் தெளிப்பதும் பலன் தரும். நோய் தலைக்கு மேல் போன பந்தலில் மைக்ளோபியூட்டானில் லிட்டருக்கு 0.4 கிராம். இதுவும் பருவத்துக்கு இரண்டு முறைதான், அறுவடைக்கு எத்தனை நாள் முன் நிறுத்த வேண்டும் என்று உறையில் போட்டிருப்பதை ஒரு நாளும் குறைக்காதீர்கள்.

மிஞ்சிய கலவையையும் தெளிப்பான் கழுவிய தண்ணீரையும் ஊருணியிலோ கண்மாயிலோ கொட்டக் கூடாது. தாமிரம் மீனைக் கொல்லும். கொடியடி மண்ணிலும் மாற்றி மாற்றி ஊற்றாதீர்கள், அது மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். வேண்டிய அளவு மட்டும் கலக்குவதே வழி.

பழம் சாறாகும்போது

தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் (1937) உரிமம் இல்லாமல் மது தயாரிப்பதைக் குற்றமாக வைத்திருக்கிறது. எனவே கீழே உள்ளது உரிமம் பெற்ற ஒயின் ஆலைக்குப் பழம் அனுப்புகிறவர்களுக்கும், வீட்டில் சாறு பிழிகிறவர்களுக்கும்.

சாம்பல் பிடித்த பழத்தைக் கழுவிவிட்டால் சரியாகிவிடும் என்பது நடக்காது. காளான் வாடையும் மண் வாடையும் தோலுக்குள் ஏறியிருக்கும். நிறம் குறைந்து புளிப்பும் கசப்பும் கூடியிருக்கும். நூறு கிலோவில் 3 முதல் 5 கிலோ நோய்ப்பழம் கலந்தாலே ஒயினில் நாக்கு கண்டுபிடித்துவிடும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தொற்றுகூடத் தோலைப் பழுதாக்கி அழுகல் பூஞ்சைக்கும் புளிக்கவைக்கும் கிருமிக்கும் வழி திறந்துவிடும். பறிக்கும்போதே குலை குலையாகப் பாருங்கள், காம்பு கறுத்ததையும் வெடித்ததையும் பந்தலடியிலேயே கத்தரித்து ஒதுக்குங்கள். கூடைக்கு வந்த பிறகு பிரிப்பது முடியாத வேலை, ஒழுகிய சாறு நல்ல பழத்தையும் நனைத்திருக்கும். விடிகாலையில் பறித்து அன்றே ஆலைக்கு அனுப்புங்கள், வெயிலில் நிற்கும் கூடையில் நொதிப்பு தானே தொடங்கிவிடும்.

மருந்தின் எச்சமும் ஒயினைக் கெடுக்கும். தோலில் தங்கிய கந்தகத்தை ஈஸ்ட் ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றும், அதுதான் அழுகிய முட்டை வாடை. ஆகவே ஒயினுக்குப் போகும் பழத்தில் அறுவடைக்கு 5 வாரம் முன்பே கந்தகத்தை நிறுத்துங்கள். பட்டாணி அளவில் கடைசித் தெளிப்பு என்று மேலே சொன்னதற்கு இதுவும் காரணம். தாமிரம் பழத்தில் நீலக் கறையாக நிற்பதோடு, அளவு மிஞ்சினால் ஈஸ்டையும் முடக்கும். பிஞ்சு பிடித்த பிறகு போர்டோ வேண்டாம்.

பன்னீர் போன்ற கருந்திராட்சையைத் தோலோடு நொதிக்க வைப்பதால் எச்சம் முழுவதும் உள்ளே இறங்கும். நோய் லேசாகப் பட்ட பழம் என்று தெரிந்தால் அதைத் தனியே வைத்து, ஆலையிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நசுக்காமல் முழுக் குலையாக மெல்ல அழுத்தி, முதலில் வடியும் சாற்றை மட்டும் எடுத்து, குளிரில் ஓரிரவு தெளியவைத்து, வண்டலை விட்டு மேல்சாற்றை மட்டும் வெள்ளை ஒயின்போல நொதிக்க வைத்தால் வாடை பெருமளவு குறையும். வீட்டுச் சாறுக்கும் இதே முறைதான்: தோலைக் கசக்காமல் பிழிந்து, குளிர்பெட்டியில் ஓரிரவு வைத்து, அடியில் படிந்ததைக் கலக்காமல் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றிக் கொதிக்கவிட்டுச் சீசாவில் அடையுங்கள்.